கால்வாயிலிருந்து வந்த அண்ணி

எங்கள் கிணற்றங்கரையில் இடுப்பில் குடத்தோடு நின்று அவள் உள்ளே எட்டிப் பார்த்த அந்தக் காலைதான் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஊருக்கு வந்து இறங்கி ஒரு நாள்கூட ஆகவில்லை. மாடுகள் தண்ணீர்ச் சால் இழுத்துக்கொண்டிருந்தன. மேலே வந்த தண்ணீர் தொட்டியில் கொட்டி, வாய்க்காலில் ஓடி, கேழ்வரகுப் பாத்திகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் அந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தத் தண்ணி எங்கமே போவுது?" என்று கேட்டாள். "கொல்லைக்குத்தான்" என்றேன். "அதுக்கப்புறம்?" "அதுக்கப்புறம் இன்னா, மண்ணு குடிச்சிடும்." அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் கொல்லையைத் தாண்டி எங்காவது போனால் அது நஷ்டம். தண்ணீர் என்றால் அது எங்காவது போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஒரு பெண்ணை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் முழுக்க ஒரே பேச்சு. அகப்பட்டதை மூட்டை கட்டிக்கொண்டு ஜனங்கள் ரயிலேறிவிட்டார்கள். திருத்தணியில் மலையடிவாரச் சத்திரங்கள் நிரம்பிப் போய், சரவணப்பொய்கைப் படிக்கட்டுகளில்கூடக் குடும்பம் குடும்பமாக அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில்தான் அத்தையும் அவள் மகளும் வந்தார்கள். அத்தை என் நைனாவுக்குப் பெரியப்பா மகள். கடற்கரைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவள் புருஷன் பக்கிங்காம் கால்வாயில் ஒரு லாக்கில் கதவு திறந்து மூடுகிற வேலையில் இருந்தார். நாங்கள் அவரை லாக்கு மாமா என்போம். சர்க்கார் வேலை என்பதால் அவரால் வர முடியவில்லை. பெண்டாட்டியையும் பெண்ணையும் மட்டும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

நானும் அப்போது அம்மா வீட்டில்தான் இருந்தேன். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிவிட்டார். எந்தக் கடலைத் தாண்டி எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பகலெல்லாம் வேலை செய்வேன். சும்மா உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் ஏதோ ஓடுகிற மாதிரி இருக்கும். அதனால்தானோ என்னவோ, ஒரு இடத்தில் நிற்க முடியாத அவளும் நானும் சீக்கிரமே ஒட்டிக்கொண்டோம். அவள் நடந்துகொண்டேதான் பேசுவாள். நந்தியாற்று மணலில் நடப்போம், மலைக்கு ஏறுவோம், விறகுக்குப் போகிற சாக்கில் காட்டுப் பக்கம் சுற்றுவோம். எங்கே போனாலும் அவள் பேச்சு கால்வாய்க்கே திரும்பிவிடும்.

அப்படி ஒரு கால்வாய் இருப்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வடக்கே காக்கிநாடாவிலிருந்து பட்டணத்துக்கு வந்து, பட்டணத்தைக் கிழித்துக்கொண்டு தெற்கே மரக்காணம் வரைக்கும், கடலைத் தொடாமல் கடலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிற தண்ணீர்ப் பாதை. உப்பும் விறகும் நெல்லும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் அதில்தான் வரும். காற்று இருந்தால் படகில் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கரையில் ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே நடப்பார்கள். முதலில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் பணத்தைப் போட்டுப் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வெட்டினானாம். அப்புறம் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டு, வடக்கேயும் தெற்கேயும் துண்டு துண்டாக நீட்டிக்கொண்டே போயிற்று. தாது வருஷத்துப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் பட்டணத்துக்கு நடந்து வந்த ஜனங்களை வைத்து ஊருக்கு நடுவே மிச்சத்தையும் வெட்டி, கூவத்தையும் அடையாற்றையும் சேர்த்தார்கள். இதையெல்லாம் அவள் தன் குடும்பத்துக் கதை மாதிரிச் சொல்லுவாள்.

லாக்கு என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தோம். ஏந்திரத்தை நிறுத்திவிட்டு, மாவிலேயே விரலால் கோடு கிழித்தாள். "இது நம்ம கால்வா. இங்க குறுக்க ஆறு வருது. ஆத்துத் தண்ணி கடல் ஓதத்தோட ஏறும், இறங்கும். கால்வாத் தண்ணி அப்படி ஏறி எறங்கக் கூடாது. எறங்குனா படகு தரை தட்டிடும், ஏறுனா கரை ஒடைஞ்சிடும். அதனால ஆத்தங்கரையில ரெண்டு பக்கமும் ஒரு தொட்டி. தொட்டிக்கு முன்னாடி ஒரு ஜோடிக் கதவு, பின்னாடி ஒரு ஜோடி." படகு தொட்டிக்குள் வந்ததும் பின் கதவை மூடி, கதவின் அடியில் இருக்கிற சின்ன மடையைத் திறப்பார்கள். தொட்டித் தண்ணீரும் வெளித் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வரும். அதற்குப் பிறகுதான் முன் கதவைத் திறக்க முடியும். இரண்டு கதவும் நேராக மூடாது. நுனிகள் தண்ணீர் அழுத்துகிற பக்கமாக முட்டிக்கொண்டு கூராக நிற்கும். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுகும். "மட்டம் வரலன்னா யான கட்டி இழுத்தாலும் தொறக்காது. தண்ணி வேகம் புடிச்சிட்டா யான வெச்சித் தள்ளுனாலும் மூடாது" என்றாள். பிறகு மாவைத் தட்டிவிட்டு மறுபடி ஏந்திரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அவளை என் அண்ணனுக்குக் கட்டிவைக்கலாம் என்ற பேச்சை அத்தைதான் எடுத்தாள். முறைதான். அவள் அண்ணனைப் பாவா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் அதிகம் பேசாதவர். அரக்கோணத்தைத் தாண்டிப் போனதில்லை. கல்யாணம் என்றதும் மாட்டுக் கயிற்றைத் திரித்துக்கொண்டே, "நைனா சொன்னா சரி" என்றார். நைனாதான் பல நாள் பதில் சொல்லவில்லை. காரணம் பிறகு தெரிந்தது. நைனாவின் சின்னத் தாத்தா ஒருவர் அந்தப் பஞ்சத்தில் மண்வெட்டியும் கூடையுமாகக் கால்வாய் வெட்டப் போனவர். திரும்பி வரவில்லை. கூடப் போனவர்களில் யாரும் வந்து சேதி சொல்லவும் இல்லை. நைனா கடைசியில் சம்மதித்தபோது அத்தையிடம் ஒன்று சொன்னார். "அந்தக் கால்வா எங்க ஊட்டு ஆள முழுங்கிச்சு. அங்கேருந்து ஒண்ணு வருதுன்னா வரட்டும், வாணாங்கல. ஆனா இங்கேருந்து இனிமே ஒண்ணும் அங்க போவக் கூடாது." அத்தை தலையாட்டினாள். பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

மலைமேல் தாலி கட்டி, அடிவாரத்தில் சாப்பாடு போட்டார்கள். லாக்கு மாமா இரண்டு நாள் லீவில் வந்துவிட்டு, திரும்பும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அவள் எனக்கு அண்ணி. அன்றிலிருந்துதான் அவள் தவிப்பும் எல்லோர் கண்ணுக்கும் தெரிய ஆரம்பித்தது. வேலையில் குறை சொல்ல முடியாது. களை எடுப்பாள், நாற்று நடுவாள், வேர்க்கடலை பிடுங்குவதில் என்னை முந்திவிடுவாள். வேலை முடிந்ததும் கால் நிற்காது. சாயங்காலத்தில் ஏரிக்கரைக்குப் போய் மதகின் மேல் உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை மதகுப் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கினாள். அதற்குள் ஊரே சண்டைக்கு வந்துவிட்டது. "புதுப் பொண்ணுக்கு ஊட்டுல இருப்புக் கொள்ளலயா?" என்று அம்மா கேட்டாள். "இங்க எல்லாம் நின்னுகினே இருக்குது, அத்த" என்றாள் அண்ணி. அம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சில நாள் ஏரிக்கரைக்கு அண்ணனும் போய், கொஞ்ச தூரம் தள்ளி நின்றுகொண்டிருப்பார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் மழை என்றால் கொண்டாட்டம். அண்ணிக்கு அப்படி இல்லை. மேற்கே மலைகளில் மழை பெய்தால் ஆற்றில் வெள்ளம் எந்த நாளில் லாக்குக்குப் போய்ச் சேரும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். கந்தசஷ்டிக்கு மலைக்கு வந்த ஒரு படகுக்காரர் பொய்கைக் கரையில் அண்ணியைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். "உங்க அப்பாவுக்குக் காய்ச்சல்மா. கையில வேற அடி. ரெண்டு கதவுல ஒண்ணு ஏற்கெனவே ஒடைஞ்சி கீது. ஆறு வேற ஏறிகினு கீது" என்றார். அண்ணி வீட்டுக்கு வந்து நைனாவின் முன்னால் நின்றாள். "மாமா, நா போயிட்டு வரேன்." நைனா நிமிர்ந்து பார்க்கவில்லை. "மழ வுடட்டும். அப்புறம் பாப்போம்." "மழ வுட்டப்புறம் நா எதுக்கு மாமா?" என்று கேட்டாள். அவர் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

அண்ணன் அன்றைக்குக் கனகம்மாசத்திரத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தார். அண்ணி ஒரு புடவையை மட்டும் சுருட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். அவளைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. அது மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. மாதக்கணக்காக ஒரு சேதிக்காக வாசலையே பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்துப்போயிருந்தது. போய்ப் பார்க்க முடிகிற ஒரு இடம் இருந்தது, அவள் போகிறாள், நானும் போனேன். திருத்தணியில் ரயிலேறி, அரக்கோணத்தில் மாறி, பட்டணத்தில் மறுபடி மாறி, வடக்கே ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, கால்வாய்க் கரையோடு நடந்தோம். அன்றுதான் அந்தத் தண்ணீரை நான் முதலில் பார்த்தேன். கறுத்து, அகன்று, எனக்குத் தெரிந்த எந்தத் தண்ணீரைப் போலவும் இல்லாமல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அண்ணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் உச்சிப்பொழுது. லாக்கு மாமா துணிச்சுற்றிய கையோடு கரையில் ஒரு கோணியின்மேல் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அத்தை அழுதுகொண்டிருந்தாள். விஷயம் இதுதான். வெள்ளத்துக்குப் பயந்து ஒதுங்க வந்த ஒரு விறகுப் படகை ஆறு இழுத்துக்கொண்டு வந்து, ஆற்றுப் பக்கக் கதவுகளுக்கு நடுவே செருகிவிட்டது. உள்பக்கக் கதவு ஏற்கெனவே உடைந்திருந்தது. ஆகையால் ஆற்றைத் தடுக்க இருந்தது அந்த ஒரு ஜோடிக் கதவுதான், அதையும் மூட முடியாமல் படகு நின்றது. அப்போது கடல் ஓதம் இறங்கியிருந்ததால் ஆறும் இறங்கி, படகு தரை தட்டிக் கிடந்தது. சாயங்காலம் ஓதம் ஏறும். கடல் உள்ளே தள்ள, மேலிருந்து வெள்ளமும் வந்து சேர்ந்தால் ஆறு அந்தத் திறந்த கதவு வழியாகக் கால்வாய்க்குள் பாயும். கால்வாய்க் கரை தாங்காது. கரைக்குக் கீழே பள்ளத்தில் வரிசையாகக் குடிசைகள். அங்கிருந்த ஜனங்கள் பானை சட்டிகளோடு கரைமேல் வந்து நின்றுகொண்டு படகையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி அப்பாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு நேரே போய்ப் படகின்மேல் ஏறினாள். "வெறக எல்லாம் எறக்குங்க. பாரம் கொறைஞ்சா ஓதம் ஏற ஆரம்பிச்சதுமே படகு தூக்கிடும். தண்ணி வேகம் புடிக்கறதுக்கு முன்னாடி உள்ள இழுத்துட்டு மூடிடலாம்." விறகுப் படகுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தண்ணியில போட்டா போச்சும்மா, என் பொழப்பே போச்சு." "தண்ணியில எதுக்குப் போடணும்? கரையில ஏத்து. இத்தினி பேரு நிக்கறாங்க இல்ல?" என்றாள். அப்புறம் கரைமேல் நின்றவர்களைப் பார்த்து, "யக்கா, வேடிக்க பாத்துகினு நின்னா ஊடு நிக்குமா? எறங்குங்க!" என்று கத்தினாள். முதலில் ஒரு பெண் இறங்கினாள். பிறகு எல்லோரும் வந்தார்கள். கைக்குக் கை மாற்றி விறகைக் கரையில் ஏற்றினோம். ஈரச் சவுக்குக் கட்டைகள் உள்ளங்கையைக் கிழித்தன. மழை விட்டுவிட்டுப் பெய்தது. நடுநடுவே அண்ணி கதவோரச் சுவரில் குனிந்து, பாசி படிந்த கல்லில் தண்ணீர் எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவாள்.

பொழுது சாயத் தொடங்கியபோது ஒரு கல் நனைந்தது. அப்புறம் அடுத்த கல். ஆற்றுக்குள் ஒரு முனகல் மாதிரிச் சத்தம். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, லேசாக ஆடியது. "இழு!" என்றாள் அண்ணி. ஆண்கள் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். படகு மரத்தோடு மரம் உரசி அலறிக்கொண்டே தொட்டிக்குள் வந்தது. இனிமேல் கதவு. படகு மறுபடி நகராமல் ஆண்கள் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு கதவின் தலையிலும் ஒரு நீளமான மரம், கரைமேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதை முதுகால் தள்ளிக்கொண்டே நடந்தால் கதவு மூடும். இந்தக் கரை மரத்தில் அண்ணியும் குடிசைப் பெண்களும். அந்தக் கரையில் நானும் படகுக்காரரும் இரண்டு கிழவர்களும். அண்ணி பக்கத்துக் கதவு நகர்ந்தது. எங்களுடையது பாதி வந்து நின்றுவிட்டது. தண்ணீர் அதற்குள் உள்ளே ஓட ஆரம்பித்துவிட்டது. என் கால்கள் சேற்றில் வழுக்கின.

அப்போதுதான் கரையோடு ஒருவர் ஓடிவருவது தெரிந்தது. அண்ணன். வேட்டி முழங்காலுக்கு மேல், உடம்பெல்லாம் சேறு. வீட்டுக்குத் திரும்பி விஷயம் கேள்விப்பட்டதும் அப்படியே கிளம்பி அடுத்த ரயிலைப் பிடித்திருக்கிறார். பெண்டாட்டியைத் திட்டி இழுத்துக்கொண்டு போகத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். அண்ணி எதிர்க் கரையிலிருந்து பார்த்துவிட்டாள். "பாவா! கையால தள்ளாத! திரும்பி நின்னு முதுவக் குடு! கால ஊனு!" அண்ணன் என் பக்கத்தில் வந்து திரும்பி நின்றார். ஏர் பிடித்துப் பழகிய கால் அது. சேற்றில் எங்கே ஊன்ற வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. மரம் முனகியது, அசைந்தது. நாங்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்து நடந்தோம். இரண்டு கதவுகளின் நுனியும் முட்டிக்கொண்டபோது காலடியில் கரையே ஒருமுறை அதிர்ந்தது. ஆறு கதவின்மேல் வந்து சாய்ந்தது. இடுக்குகளில் பீறிட்ட தண்ணீர் கதவு இறுக இறுகக் குறைந்துகொண்டே வந்தது.

குடிசைப் பெண்கள் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணி கதவின் மேலிருந்த நடைபலகை வழியாக எங்கள் பக்கம் வந்தாள். அண்ணன் அந்த மரத்தின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "தெனமும் இப்படித்தானா?" என்று கேட்டார். "தெனமும் இல்ல" என்றாள் அண்ணி. "ஆனா தெனமும் வேற மாரி இருக்கும்." அண்ணன் சிரித்தார். அதுவரை அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஊருக்கு எப்போது கிளம்பலாம் என்று அவர் அன்றைக்குக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. மாமாவின் கை சரியாகவில்லை. அவர் இடத்தில் அண்ணனே கதவு தள்ளினார். மேலதிகாரிகளும் அவரையே அந்த வேலையில் வைத்துக்கொண்டார்கள்.

ஊருக்கு நான் மட்டும் திரும்பினேன். ரயிலில் வழி நெடுக நைனாவிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். மூத்த பிள்ளை, நிலத்துக்கு உரியவன், எந்தக் கால்வாய்க்கு ஆள் போகக்கூடாது என்று சொன்னாரோ அங்கேயே தங்கிவிட்டான். நான் போனபோது நைனா களத்தில் வைக்கோல் பிரி முறுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விறகு, ஓதம், குடிசைகள், அண்ணன் முதுகு கொடுத்துத் தள்ளியது, எல்லாம். கடைசியில், "அண்ணன் இப்ப வரமாட்டான், நைனா" என்றேன். பிரியை முறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "கதவு தாங்கிச்சா?" என்று கேட்டார். "ஆங். தாங்கிச்சு." "அப்ப சரி" என்றார். பிரியை மறுபடி முறுக்கத் தொடங்கினார்.

யுத்தம் முடிந்து என் வீட்டுக்காரர் உயிரோடு வந்து சேர்ந்தார். நைனாவின் நிலத்தை நாங்கள்தான் பார்த்துக்கொண்டோம். அண்ணனும் அண்ணியும் லாக்கிலேயே இருந்து ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்தார்கள். லாரிகள் பெருகின, படகுகள் குறைந்தன. ஒரு பெரும் புயலில் கரைகள் போனதும் அந்தப் பக்கம் கால்வாயைச் சரிசெய்ய யாரும் மெனக்கெடவில்லை. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணி மகனோடு எண்ணூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருந்தாள். போன வருஷம் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி. கால்வாய் ஜன்னலுக்கு நேர் கீழேதான், ஆனால் நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை என்று மருமகள் சொன்னாள். அண்ணிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. காப்பி குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று டம்ளரை வைத்துவிட்டு, மருமகள் தடுக்கத் தடுக்க ஜன்னலைத் திறந்தாள். சாக்கடை வாடை குப்பென்று அடித்தது. அவள் மூக்கைத் தூக்கி மோந்துவிட்டு, "ஓதம் ஏறுதுமே, பாரு" என்றாள். எட்டிப் பார்த்தேன். கறுத்த சேற்றுத் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. நகரவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்த பிறகு தெரிந்தது, கடல் பக்கத்திலிருந்து உள்ளே, வடக்கு நோக்கி, மெல்ல மெல்ல அது போய்க்கொண்டிருந்தது.

"ஆமா அண்ணி, போவுது" என்றேன்.

"வா, கரையில நின்னு பாக்கலாம்" என்றாள். "இந்தக் கால வெச்சிகினு மூணு மாடி எறங்கணுமா, அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே நான் செருப்பைத் தேடினேன். அதற்குள் கைத்தடி படிக்கட்டில் தட்டித் தட்டிக் கீழே இறங்கும் சத்தம் கேட்டது.